மிடற்று வழியும் மயக்க மருந்தும்

தமிழ் பயிலும் மாணாக்கர் மருத்துவப் பொருள் பற்றி எழுதப் புகுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் என்று விலங்கியல் வகுப்பு நண்பர் சிலர் எம்மை எள்ளினர். அவர் எள்ளலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்று, இப்பொருளைக் கல்லாதிருத்தல் தகாது என்பதை எமக்கு உணர்த்திற்று. அதனை முதற்கண் கூறிப் பின்னர் யாம் கற்றவற்றைக் கூறுவோம்.

எமது ஊர் பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைத் தொடரை அடுத்துள்ள பூலாம்பாடி. மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிப்போர் ஒருபுறம் இருக்க, பிழைப்பின் பொருட்டு மலேசியாவிற்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் இல்லாத வீடு எம் தெருவில் அரிது. எம் சிற்றன்னையின் கணவரும் அங்ஙனம் மலேசியாவில் உள்ளவரே. அவர்தம் மகன் ஆறு வயதுச் சிறுவன். இரவில் வாய் திறந்து குறட்டை விடுவான். இடையே மூச்சு நின்றுவிடும். சிறிது பொழுதில் திடுக்கிட்டு எழுந்து மூச்சை இழுப்பான். பகலிற் பள்ளியில் உறங்குவான். ஊரார் இதனை ‘உள்நாக்கு வளர்ந்துவிட்டது’ என்பர். அது பிழை. உள்நாக்கு என்பது அண்ணத்தின் கடையில் தொங்கும் சிறு சதை. இவனுக்கு வீங்கியிருந்தவை தொண்டையின் இருபுறத்தும் உள்ள டான்சில்களும், மூக்கின் பின்னே மறைந்திருக்கும் அடினாய்டும் ஆகும். அவற்றை அகற்றுதல் வேண்டும் என்று திருச்சிராப்பள்ளி மருத்துவர் ஒருவர் நாள் குறித்தார்.

அன்று முதல் நாள்தோறும் மலேசியாவிலிருந்து தொலைபேசி வரும். “கத்தி வைப்பது கிடக்கட்டும், மயக்க மருந்து கொடுத்தால் பிள்ளைக்குப் புத்தி மழுங்கிவிடுமாமே, தம்பி, நீ படித்த பையன், கேட்டுச் சொல்” என்று சித்தப்பா எம்மிடம் மன்றாடுவார். யாம் கேட்கவும் இல்லை, அறியவும் இல்லை, “ஒன்றும் ஆகாது, சித்தப்பா” என்று மட்டும் கூறி வந்தோம்.

குறித்த நாளில் விடியுமுன் திருச்சிராப்பள்ளி சேர்ந்தோம். சிற்றன்னை சீட்டெழுதும் இடத்திற்குச் சென்றிருந்த பொழுது, சிறுவன் பசியால் அழுதான். வெறும் வயிற்றோடு வருக என்று முன்னரே கூறியிருந்தனர். ஆயினும் அழுகை பொறாது, எதிரிலிருந்த தேநீர்க்கடையில் அரைக் குவளைத் தேநீரும் இரண்டு வறுக்கியும் வாங்கித் தந்தோம். சிறிதளவு தானே என்பது எம் எண்ணம். ஒன்பது மணிக்கு மயக்க மருத்துவராகிய அம்மையார் வந்து, “காலையில் ஏதாவது கொடுத்தீர்களா?” என்று வினவினார். சிற்றன்னை தாமறிந்தவாறு “ஒன்றும் இல்லைங்க” என்றார். யாம் வாய் திறவாது நின்றோம். அம்மையார் குனிந்து சிறுவனையே கேட்டார். அவன் மகிழ்ச்சியோடு, “அண்ணன் வறுக்கி வாங்கிக் குடுத்துச்சு” என்றான்.

அறுவை அன்று நிகழவில்லை. “சாப்பிட்டதற்காக எனக்கு வருத்தமில்லை, தம்பி, சொல்லாமல் நின்றீர்களே, அதற்குத்தான்” என்றார் அம்மையார். மாலையில் தம் பணி முடிந்தபின் எம்மை அழைத்து அமர்த்தி, யாம் செய்தது யாது என்பதை விளக்கினார். அவர் தொடங்கிவைத்ததைப் பின்னர் நூல்களிற் கற்றுத் தொடர்ந்தோம்.

நிற்க. ‘மயக்கம்’ என்னும் சொல்லே நம் மக்களின் அச்சத்திற்குப் பாதிக் காரணம் என்று தோன்றுகிறது. வெயிலில் நின்று விழுவதும் மயக்கம். கள்ளுண்டு தடுமாறுவதும் மயக்கம். அறிவு திரிவதும் மயக்கம். அச்சொல்லைக் கேட்ட தந்தை புத்தி மழுங்குமோ என அஞ்சுவதில் வியப்பில்லை. இலக்கண நூலாரோ மயக்கம் என்பதைக் கலத்தல் என்னும் பொருளில் ஆள்வர். மெய்ம்மயக்கம் என்பது மெய்யோடு மெய் கலந்து நிற்றல். திணை மயக்கம் என்பது ஒரு திணைக்கு உரியது மற்றொன்றின் நிலத்திற் சென்று கலத்தல். இவ்விரண்டாம் பொருள், காது மூக்கு தொண்டை அறுவைக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகிறது. குடலிறக்கத்திற்கு அறுவை செய்யுங்கால் அறுவை மருத்துவர் வயிற்றருகே நிற்பார். மயக்க மருத்துவர் தலைமாட்டில் இருந்து மூச்சைக் காப்பார். இருவர் நிலமும் வேறு. தொண்டை அறுவையிலோ இருவருக்கும் நிலம் ஒன்றே. ஒருவர் கத்தி செல்ல வேண்டிய வழியும், மற்றவர் காற்றுச் செலுத்த வேண்டிய வழியும் அதே மிடறு. இவ்வறுவைகளின் இடர் பெரும்பாலும் இவ்வொன்றிலிருந்தே கிளைப்பது.

தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழுந்த காற்று தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றில் நிலைத்துப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு உற்று எழுத்தொலியாகப் பிறத்தலைக் கூறினார். பேச்சுப் பிறக்கும் அவ்வழியே மூச்சும் செல்கிறது; உணவும் அவ்வழியின் ஒரு பகுதியைக் கடந்தே செல்கிறது. விழித்திருக்கும்பொழுது உணவோ நீரோ மூச்சுக் குழல் வாயிலை அணுகினால் குரல்நாண்கள் மூடிக்கொள்ளும். இருமல் எழுந்து வெளியே தள்ளும். ஆழ்ந்த மயக்கத்தில் இக்காவல் உறங்கிவிடுகிறது. அவ்வேளையில் இரைப்பையில் உள்ளது மேலெழுந்தால் தடுப்பார் இன்றி நுரையீரலை அடையும். இரைப்பைப் புளிப்பு நுரையீரலைச் சுடும். வறுக்கித் துண்டு மூச்சுக் கிளையை அடைக்கும். ஆதலின் திட உணவிற்கும் பசுவின் பாலுக்கும் 6 மணி நேரமும், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரமும், தெளிந்த நீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என வரையறுத்துள்ளனர். பாலிட்ட தேநீர் நீராகாது; அது பாலின்பாற் படும். குழந்தைகளை நெடுநேரம் தாகத்தில் வாடவிடுதலும் தீதென்று கருதித் தெளிந்த நீரை 1 மணி நேரம் முன்வரை தருவோரும் இன்று உளர்.

இந்நிலத்தை இருவர் பங்கிட்டுக்கொள்ளக் கற்ற வரலாறு நெடியது. 1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பார் ஈதர் ஆவியைப் பலர் காண அளித்து நிகழ்ந்த அறுவையே கழுத்தில் தாடையின்கீழ் இருந்த கட்டிக்குத்தான். மறு ஆண்டே ஈதர் கல்கத்தாவை எட்டியது. அவ்வாண்டிலேயே சிம்சன் குளோரோபாமைப் புகுத்தினார். குளோரோபாம் மணம் இனியது, விரைவிற் செயற்படுவது, ஆனால் கொடியது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுப் பெண் கால்விரல் நகத்தை அகற்ற அதனை முகர்ந்து சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். மூச்சு நின்று இறந்தாளா, நெஞ்சு நின்று இறந்தாளா என்னும் வழக்கு அன்று தொடங்கி அறுபதாண்டுகள் நடந்தது. அவ்வழக்கின் பெரும்பகுதி நம் தென்னாட்டு ஐதராபாத்தில் நிகழ்ந்தது என்பதை எம்முடன் பயில்வோருட் பலரும் அறியார். நிஜாமின் பொருளுதவியால் எட்வர்டு லாரி என்னும் மருத்துவர் 1888இலும் 1889இலும் இரு குழுக்களைக் கூட்டி, விலங்குகள் பலவற்றில் ஆராய்ந்து, குளோரோபாம் மூச்சையே முதலில் நிறுத்தும், நாடியைப் பார்க்க வேண்டுவதில்லை என்று முடிவு கூறினார். அக்குழுவின் பணியில் துணைநின்ற ரூபாபாய் பர்துன்ஜி என்னும் அம்மையார் உலகின் முதற் பெண் மயக்க மருத்துவருள் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

ஆனால் அம்முடிவு முழுதும் சரியன்று. 1911இல் லீவி என்பார், குளோரோபாம் ஆழ்ந்து செலுத்தப்படாமல் மேலோட்டமாகத் தரப்பட்டிருக்கும் நிலையில் அட்ரினலின் உடலிற் சேருமாயின், நெஞ்சு ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடும் என்று காட்டினார். இது எம் பொருளுக்கு நெருங்கிய செய்தி. மூக்கிலும் காதிலும் குருதி ஒழுகாதிருக்க அட்ரினலினை இன்றும் அறுவை மருத்துவர் ஊசி வழியே செலுத்துகின்றனர். குளோரோபாம் மறைந்துவிட்டது, எனினும் இத்தனை அளவு செலுத்தப் போகிறேன் என்று மயக்க மருத்துவரிடம் முன்னரே உரைத்தபின் செலுத்தும் வழக்கம் நிலைத்து நிற்கிறது.

மூச்சுக் குழலில் குழாய் இட்டு நிலத்தைப் பங்கிடும் முறைக்கு வித்திட்டவருள் ஒருவர் கிளாஸ்கோ நகரத்து மக்கீவன். 1878இல் நாவின் அடியிற் கட்டி கொண்ட ஒருவருக்கு, தொண்டையைத் துளையாமல், அவர் விழித்திருக்கும்பொழுதே வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, அதன் வழியே குளோரோபாம் அளித்தார். விழித்திருக்கும்பொழுதே என்பதைக் குறித்துக்கொள்க. பின்னர் மீண்டும் அதனிடம் வருவோம். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரருக்கு மயக்கம் அளித்த மகில், ரோபோத்தம் ஆகியோர் கையில் இம்முறை செழித்தது. குழாயைச் சுற்றிக் காற்றடைத்த சிறு பை ஒன்று வைத்து, மேலிருந்து ஒழுகும் குருதி கீழிறங்காமல் தடுக்கும் வகையை 1928இல் கெடல், வாட்டர்சு ஆகியோர் வெளியிட்டனர்.

இனி எம் சிறுவனின் அறுவையை நோக்குவோம். தலையைப் பின்னோக்கிச் சாய்த்துக் கிடத்துவர். குருதி மூச்சுக் குழலை நோக்காது மூக்கின் பின்புறத்தில் தேங்குதற் பொருட்டு. வாயைத் திறந்து நிறுத்தும் இரும்புக் கருவியின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. மோவாயை நோக்கி வளைந்த குழாய் அப்பள்ளத்திற் படிந்து கிடக்கும். கருவியைத் திறக்கும்பொழுது குழாய் நசுங்குதலும், மூடி எடுக்கும்பொழுது குழாய் உடன் வெளிவருதலும் நேர்வதுண்டு. ஆதலின் அவ்விரு கணங்களிலும் மயக்க மருத்துவர் மார்பின் ஏற்ற இறக்கத்தினின்று கண் எடார். ஆறு வயதில் பால் பற்கள் ஆடும். ஆடும் பல் கருவிபட்டு உதிர்ந்து மூச்சுக் குழலில் வீழ்தல் கூடும் என்பதால், அதனையும் முன்னரே கேட்பர். சளியும் காய்ச்சலும் உள்ளதா என்று வினவுவதும் வெறும் சடங்கன்று. அண்மையிற் சளி பிடித்த குழந்தையின் குரல்நாண்கள் சிறிது தூண்டினாலும் இறுக மூடிக்கொள்ளும்.

அறுவை முடிந்தபின் மூக்கின் பின்புறத்தை ஒருமுறை உறிஞ்சித் துடைத்துப் பார்த்தல் வேண்டும். மென்னண்ணத்தின் பின்னே உறைந்த குருதிக் கட்டி ஒன்று கண்ணுக்குப் புலனாகாது தங்கி, குழாயை எடுத்தபின் கீழே விழுந்து மூச்சை அடைத்தல் உண்டு. ஆங்கில மருத்துவர் அதற்குப் பிண விசாரணை அதிகாரியின் கட்டி என்று பெயரிட்டுள்ளனர். ஒரு பெயரிலேயே எத்துணைத் துயரமும் எச்சரிக்கையும்! தொண்டையில் அடைக்கும் துணித்திரியை எண்ணி வைத்து எண்ணி எடுப்பதும் இதன்பாற் பட்டதே. குறட்டையால் மூச்சுத் தடைப்பட்ட குழந்தைகளுக்கு நோவு தணிக்கும் அபின் வகை மருந்துகள் குறைந்த அளவிலேயே தரப்படும். அவற்றுட் கோடீன் என்பதை டான்சில் அறுவைக்குப்பின் குழந்தைகளுக்குத் தரலாகாது என 2013இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடுமையாக எச்சரித்தது. சில குழந்தைகளின் உடல் அதனை மிக விரைவில் மார்பினாக மாற்றி மூச்சை ஒடுக்கிவிடுவதே காரணம்.

வீட்டார் அறிய வேண்டியது மற்றொன்று. குருதி ஒழுக்கு முதல் நாளிலோ, அன்றி ஐந்தாம் நாள் முதற் பத்தாம் நாள் வரையிலோ வரும். குழந்தை அதனைத் துப்பாது, விழுங்கிவிடும். உறங்கும் குழந்தை அடிக்கடி விழுங்குமாயின், முகம் வெளிறி நாடி விரையுமாயின், விடியட்டும் என்றிராது உடனே மருத்துவமனை சேர்க்க. அங்கு இரண்டாம் முறை மயக்கம் அளித்தல் முதல் முறையினும் பன்மடங்கு அரிது. இரைப்பையோ குருதியால் நிறைந்திருக்கும், உடலோ குருதி குன்றியிருக்கும், தொண்டையோ கண்ணுக்குப் புலனாகாது.

காதின் செய்தி வேறு. நடுச்செவி என்பது ஒரு சிறு அறை. அதற்குத் தொண்டையை நோக்கிய குறுகிய வாயில் ஒன்றே உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பூட்டும் வாயு, குருதியில் நைட்ரஜனைக் காட்டிலும் ஏறக்குறைய 34 மடங்கு கரைவது. ஆதலின் அறையிலிருந்த நைட்ரஜன் வெளியேறுமுன் இது உட்புகுந்து நிறையும்; அழுத்தம் மிகும்; கிழிந்த செவிப்பறை மேல் வருந்தி ஒட்டிய தோல் பெயர்ந்துவிடும். வாயுவை நிறுத்தினாலோ அது விரைந்து வெளியேற, ஒட்டு உள்ளிழுக்கப்படும். எனவே இவ்வறுவைகளில் அதனை அறவே விலக்குவர், அன்றி ஒட்டு வைக்குமுன் நிறுத்துவர். முகத்தை அசைக்கும் நரம்பு நடுச்செவி வழியே செல்வதால், அது வெட்டுண்ணாது காக்க மின்கருவி பொருத்துவர். தசைகளைத் தளர்த்தும் மருந்து அவ்வேளை செயற்பட்டால் கருவி ஊமையாகும். நுண்பெருக்கியில் ஒரு துளிக் குருதியும் குளமாகத் தோன்றுமாதலின், தலையை உயர்த்திக் குருதியழுத்தத்தைச் சற்றே தாழ்த்துதலும் வழக்கம். அளவு மீறினால் மூளைக்குக் கேடு. எழுந்தபின் தலை சுற்றி வாந்தி வருதல் இவ்வறுவையில் மிகுதி. அதற்கு முன்னரே மருந்து தருவர்.

பிறவிச் செவிடராகிய குழந்தைகளுக்கு உட்செவியில் மின்கருவி பொருத்தும் அறுவை, தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் நிகழ்கிறது. அக்குழந்தைகளுட் சிலருக்குச் செவிட்டுத்தன்மையோடு நெஞ்சின் மின்னோட்டக் குறையும் உடன்பிறந்திருக்கும். 1957இல் நார்வே நாட்டு ஜெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் இதனை எழுதினர். மயக்க வேளையில் அந்நெஞ்சு திடீரெனத் தடுமாறும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒருங்கே வரும் குறையாதலின், மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம் நாட்டில் இதனை இகழலாகாது. நெஞ்சின் மின்வரைபடம் ஒன்றே வெளிப்படுத்திவிடும்.

மூக்கைப் பற்றி மிகுதி கூற வேண்டுவதில்லை. கோகெயின் மரப்புத் தரும் என்று 1884இல் கோலர் கண்ணிற் கண்டதை மூக்கு மருத்துவர் விரைந்து கைக்கொண்டனர். இன்று லிக்னோகெயின் அவ்விடத்தைப் பிடித்துள்ளது. விழித்தெழும்பொழுது மூக்கு இருபுறமும் அடைத்திருக்கும், வாயால் மூச்சுவிடுக என்று முன்னரே சொல்லிவைத்தல் பாதி மருந்து.

குரல்வளை அறுவையே மிகக் கடியது. புகையிலையும் பாக்கும் நெடுநாள் மென்று தொண்டையிற் புற்று வைத்தோர் எம் மாவட்டத்தும் உளர். மூச்சில் ஊளை ஒலி கேட்கும் அத்தகையோரை முதலில் உறங்கச் செய்தால், தளர்ந்த சதை எஞ்சிய வழியையும் அடைத்துவிடும். ஆதலின் விழித்திருக்கும்பொழுதே மரப்பு மருந்தளித்து மூக்கின் வழி நுண்குழலையோ, கழுத்தில் துளையிட்டுக் குழாயையோ செலுத்துவர். மக்கீவன் செய்ததும் இதுவே. லேசர் கதிரால் அறுக்குங்கால் பிராணவாயு மிகுந்தால் தொண்டைக்குள்ளேயே தீப்பற்றும். எனவே வாயுவைக் குறைத்துக் குழாயின் பையில் காற்றிற்குப் பதில் நிறமூட்டிய நீரை நிரப்புவர். நிலக்கடலையும் புளியங்கொட்டையும் மூச்சுக் குழலிற் சிக்கிய குழந்தைகளுக்கும், ஒரே குழல் வழியே ஒருவர் பற்றி எடுக்க மற்றவர் மூச்சளித்தல் வேண்டும்.

சித்தப்பாவின் வினாவிற்கும் விடை கண்டோம். ஒரு மணி நேரமளவில் ஒரே முறை மயக்கம் பெற்ற கைக்குழந்தைகளை, விழித்திருக்கும்பொழுதே இடுப்பின்கீழ் மரப்பளிக்கப்பட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டு, ஐந்து வயதில் அறிவாற்றலில் வேற்றுமை இல்லை என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. அதனைத் தமிழில் எளிதாக அவருக்கு எழுதுங்கால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவரை நினைந்தோம். 1847இல் வந்த அவர், ஆங்கிலத்தில் தொடங்கிய மருத்துவக் கல்வியைப் பின்னர்த் தமிழுக்கு மாற்றி, ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் தந்தார். அயலார் ஒருவர் ஆக்கிய சொற்கள் இருக்க, யாம் ‘ஒன்றும் ஆகாது’ என்னும் இரு சொல்லோடு நின்றதை எண்ணி நாணினோம்.

பதினெட்டு நாள் கழித்து மீண்டும் திருச்சிராப்பள்ளி சென்றோம். இம்முறை சிறுவனை யாமே இடுப்பில் சுமந்து, தேநீர்க்கடைக்கு முதுகு காட்டி நின்றோம். அம்மையார் வந்து கேட்குமுன்னரே, “முன்னிரவு எட்டு மணிக்கு இட்லி, விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு வாய் தண்ணீர், கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது” என்று ஒப்புவித்தோம். அவர் நகைத்தார். அறுவைக்கிடையில் அப்பல்லைத் தாமே எடுத்துத் தாளிற் பொதிந்து சிற்றன்னையிடம் தந்தனர். சிறுவன் ஊர் திரும்பியதும் அதனைக் கூரைமேல் எறிந்தான்.

அவன் அடிக்கடி விழுங்குகிறானா என்று பார்க்கும் பணியைப் பத்து நாளும் அம்மாயி ஏற்றுக்கொண்டார். வீடு திரும்பிய முதல் இரவில் குறட்டை ஒலி இல்லை. மூன்றாண்டு பழகிய ஒலி கேளாமையால் அம்மாயிக்கு உறக்கம் வரவில்லை. இருமுறை விளக்கைப் போட்டு எழுந்துவந்து, அவன் மார்பின்மேல் கைவைத்துப் பார்த்துச் சென்றார்.